மாஸ்கோவிலிருந்து கரும்புக் கொல்லைக்கு

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்துகள் பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் கடந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும். சென்னையில் விற்ற படப் புத்தகம் ஊர்ப்பக்கம் வந்ததும் இப்படித்தான், பேருந்திலும் வேனிலும். ஆனால் அதற்கு முன்பே அது கடல் கடந்திருந்தது.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982-இல் தோன்றிய ராதுகா பதிப்பகமும் குழந்தைகளுக்காகத் தமிழிலேயே புத்தகம் போட்டன. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்ப்புப் பணி செய்தார்கள். அச்சாகி வந்தவற்றை, 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போட்டும் வேனில் ஏற்றியும் சிற்றூர்களுக்குக் கொண்டுபோனது. வழவழப்பான தாள், பக்கம் நிறையப் படம், கூலிக்காரர் வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலை.

ருஷ்யப் படப் புத்தகங்களில் பேர்போன நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு. முள்ளங்கி போன்ற ஒரு பெரிய கிழங்கைத் தாத்தா இழுக்கிறார், வரவில்லை. பாட்டி வருகிறாள், பேத்தி, நாய், பூனை வருகின்றன. ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்தும் அசையவில்லை. கடைசியில் எலி வந்து கைகொடுக்க, கிழங்கு பிடுங்கிக்கொண்டு வருகிறது. இதைப் பார்த்த பிள்ளைகளை வீட்டுக்குள் உட்காரவைக்க முடியாது. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்பிய கரும்பின் கட்டை கொல்லையில் நிற்கிறதே, அது போதும். இடுப்பைப் பிடித்து வரிசை கட்டிவிடுவார்கள். எந்த ஆட்டத்திலும் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கும் கடைக்குட்டிதான் இங்கே எலி. அவன் வராமல் கட்டை வரக்கூடாது! ஒரு படம் ஒரு சின்னப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இடம் தந்துவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றது. பிறகு சென்னையிலேயே 1994-இல் தாரா, 1996-இல் துலிகா என்று பதிப்பகங்கள் பிறந்து, நம் மண்ணின் முகங்களையும் மரங்களையும் படமாக்கின. ஆனாலும் சிற்றூர்க் கடைத்தெருவில் உரைநூல் கிடைக்கிற அளவுக்குப் படப் புத்தகம் கிடைப்பதில்லை. 2023-இல் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. கடையைத் தேடிப் போக முடியாத பிள்ளையின் கைக்கே புத்தகம் வருவது பெரிய காரியம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இருப்புப் பதிவேட்டுக்குப் பயந்து இந்தக் கதைப் புத்தகங்களைப் பீரோவில் பூட்டாதீர்கள். நாலு பேர் கைபட்டுக் கிழிந்தால் கிழியட்டும். கடைசிப் பீரியடில் வேப்பமரத்தடிக்கு எடுத்துப் போங்கள். படித்து முடித்ததும் கேள்வி கேட்காமல் பிள்ளைகளை விளையாட விடுங்கள்.