உமர் கையாம் விட்டுச் சென்ற கணக்கு

உமர் கையாம் என்றால் நம்மட ஆட்களுக்கு ருபாயியாத்தான் ஞாபகம் வரும். 1859இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவரைக் கவிஞராகவே உலகுக்குக் காட்டிவிட்டது. ஆனால் 1048இல் நிஷாபூரில் பிறந்த அவர் பெரும் கணிதவியலாளர்.

1070 அளவில், ஸமர்கந்தின் பிரதம காழி அபூ தாஹிரின் ஆதரவில், அல்ஜப்ரா பற்றி அறபியில் ஒரு நூல் எழுதினார். முப்படிச் சமன்பாடுகளை முறையாக வகை பிரித்து, வட்டம், பரவளைவு, அதிபரவளைவு ஆகிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விடை கண்டார்.

ஆனால், வரைந்து பார்க்காமல் எண்களாலேயே தீர்க்கும் பொதுவழி அவருக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. தனக்கும் முடியவில்லை, பின்னால் வருபவர் ஒருவேளை கண்டறியலாம் என்று அந்நூலிலேயே பதிந்து வைத்தார். அந்த வழி 1545இல் இத்தாலியரான கர்தானோவின் நூலில் அச்சேறியது.

நம் முன்னோர் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டாங்க என்று மேடைகளில் முழங்குகிறோம். கையாம் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. நிறுவியது எது, நிறுவாதது எது என்று பிரித்துச் சொல்பவரே கணிதவியலாளர். அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அந்த நேர்மையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.