ஃபேன் மேட் தீம் மியூசிக்: வந்தியத்தேவனுக்கு நீங்க போட்ட பிஜிஎம் யாருக்குச் சொந்தம்?

ஒரு பெரிய படத்தோட அறிவிப்பு வீடியோ வெளியாகி ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள யூடியூபில் அந்தப் பாத்திரத்தின் பெயரோடு 'ஃபேன் மேட் தீம்' என்று ட்ராக்குகள் வரிசையாக வந்துவிடும். படத்தின் இசையமைப்பாளர் முதல் ட்யூனைக்கூட முடித்திருக்க மாட்டார். ரசிகர் முடித்திருப்பார்.

இதைச் செய்பவர்களிடம் ஸ்டுடியோ எல்லாம் இருக்காது. ஒரு லேப்டாப், இரண்டு ஆக்டேவ் கீபோர்டு, ஒரு ஹெட்ஃபோன், அவ்வளவுதான். வேலை பார்த்துக்கொண்டோ படித்துக்கொண்டோ இரவில் இசை போடுபவர்கள். அம்பத்தூர், ஆவடி போல ரயில் பாதையை ஒட்டிய ஊர் என்றால் மைக்கை ஆன் செய்யவே கடைசி மின்சார ரயில் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய வீடியோவுக்கு ஒருநாள் காலையில் 'காப்பிரைட் கிளெய்ம்' என்று மெயில் வரும். மெட்டு சொந்தமாகப் போட்டது, வாசித்ததும் சொந்தமாக. அப்புறம் எப்படி கிளெய்ம் வருது? ஒரு பாத்திரத்துக்கு ரசிகர் போடும் இசை யாருக்குச் சொந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

பாத்திரத்துக்கு ஏன் தனி இசை?

ஒருவர் வரும்போதெல்லாம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், ஆள் வராமலே அவர் வருவது நமக்குத் தெரிந்துவிடும். மேற்கத்திய இசையில் இதை 'லைட்மோட்டிஃப்' என்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களோடு சேர்த்துப் பேசப்படும் உத்தி இது. ரஷ்யாவின் புரோகோஃபியெவ் 1936-ல் 'பீட்டரும் ஓநாயும்' என்ற குழந்தைகள் கதையில் பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பஸ்ஸூன் என்று ஆளுக்கொரு கருவியே கொடுத்தார்.

இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துரியோதனன் நேராக வந்து நின்றுவிட மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். பின்னால் சலங்கைச் சத்தம், முகவீணை, மத்தளம், அவனுடைய வருகைப் பாட்டு. கூட்டம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் திரை விலகும். இன்றைய 'இன்ட்ரோ பிஜிஎம்' செய்வதும் இதே வேலைதான்.

தமிழ் சினிமாவில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. இங்கே தீம் பெரும்பாலும் பாத்திரத்தைவிட நடிகரோடு ஒட்டிக்கொள்ளும். 1992-ல் 'அண்ணாமலை' படத்துக்கு தேவா போட்ட 'சூப்பர் ஸ்டார்' டைட்டில் கார்டு இசை அந்தப் படத்தின் பால்காரரோடு நிற்கவில்லை. ரஜினி எந்தப் பாத்திரத்தில் வந்தாலும் கூடவே வந்தது. அதனால்தான் ரசிகர் போடும் பல தீம்களும் ஏற்கெனவே கேட்ட ஏதோ ஒரு மாஸ் பிஜிஎம்மின் தம்பி போலவே ஒலிக்கின்றன. முகம் ஒட்டாத நாவல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் யோசிக்க நிறைய இடம் கிடைக்கும்.

எப்படிப் போடுகிறார்கள்?

எஃப்எல் ஸ்டுடியோ, கராஜ்பேண்ட், இலவசமாகக் கிடைக்கும் பேண்ட்லேப் போன்ற மென்பொருள்கள்தான் அடிப்படை. வயலின் கூட்டம், கொம்பு, டிரம்ஸ் எல்லாம் 'சாம்பிள் லைப்ரரி'யாக வருகின்றன. நிஜக் கலைஞர்கள் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துப் பதிவு செய்து வைத்த ஒலிகள் அவை. கீயைத் தட்டினால் அந்த ஒலி வரும்.

சிக்கல் தொடங்குவது நாதஸ்வரத்தில். கீபோர்டில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. நம்ம இசையோ அந்த நடுவில்தான் இருக்கிறது. நந்தினிக்கு சுபபந்துவராளியில் ஒரு மெட்டு போட நினைத்தால், கமகம் இல்லாத சுபபந்துவராளி பள்ளிக்கூட மணி மாதிரி கேட்கும். 'பிட்ச் பெண்ட்' சக்கரத்தை உருட்டி உருட்டி ஓரளவு சரிசெய்யலாம். அதுக்கும் மேல வேணும்னா தெரிந்த ஒரு வாசிப்பாளரை அழைத்து எட்டு வரியை நேரில் வாசிக்கவைத்துச் சேர்ப்பதுதான் வழி. அந்த எட்டு வரி மொத்த ட்ராக்கையும் தூக்கிவிடும்.

பாத்திரத்தைப் படித்தவர் போட்ட தீமும் படிக்காதவர் போட்ட தீமும் முதல் பத்து நொடியிலேயே தெரிந்துவிடும். வந்தியத்தேவன் என்றதும் போர் முரசு போடுபவர்கள் ஏராளம். ஆனா 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது போர்க்களத்தில் இல்லை. ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறான் அந்த வாலிபன். அங்கே பொருந்துவது குதிரை நடையும் கொண்டாட்டத் தாளமும்தான். முரசு அப்புறம் வரட்டும்.

இன்னொன்று, பலர் லூப் வாங்கி ஒட்டுகிறார்கள். 'ராயல்டி ஃப்ரீ' என்று விற்கப்படும் ஒரு உறுமி லூப்பை ஆயிரம் பேர் வாங்கியிருக்கலாம். அதில் ஒருவர் தன் ட்ராக்கை யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' அமைப்பில் சேர்த்துவிட்டால், அதே லூப் இருக்கிற மற்றவர்களின் வீடியோவுக்கும் கிளெய்ம் போகும். சொந்த மெட்டுக்கும் மெயில் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரசிகராகத் தொடங்கி எங்கே போகலாம்?

அமெரிக்காவின் டோபி ஃபாக்ஸ் கதை இந்த வட்டாரத்தில் அடிக்கடி பேசப்படுவது. பதின்ம வயதில், 2008-ல், தனக்குப் பிடித்த 'எர்த்பவுண்ட்' வீடியோ கேமை ரசிகராக மாற்றி ஒரு பதிப்பு செய்தார். அதில் வந்த 'மெகாலோவேனியா' என்ற இசையைப் பிறகு 'ஹோம்ஸ்டக்' இணையக் காமிக்ஸிலும், 2015-ல் சொந்தமாக உருவாக்கிய 'அண்டர்டேல்' கேமில் சான்ஸ் என்ற பாத்திரத்துக்கும் பயன்படுத்தினார். 2022 ஜனவரியில் வாடிகனில் போப் பிரான்சிஸ் முன்னால் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டியபோது பின்னணியில் ஓடியது இதே இசைதான்!

அவர் அந்த மெட்டை இன்னொரு பாத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது, மெட்டு அவருடையது என்பதால்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி இசைப் படைப்பின் ஆசிரியர் இசையமைப்பாளர்தான். சொந்தமாக மெட்டு போட்ட நொடியிலேயே உரிமை வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. அப்போ, ரசிகர் போட்ட மெட்டு ரசிகருக்கே சொந்தம். பாத்திரம்?

நாவல், சிறுகதை போன்ற படைப்புகளுக்கு எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. கல்கி இறந்தது 1954 டிசம்பரில். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அது இல்லாவிட்டாலும் 2014-உடன் உரிமைக் காலம் முடிந்திருக்கும். எனவே வந்தியத்தேவன், குந்தவை, பூங்குழலி, நாகநந்தி யாருக்கும் யார் வேண்டுமானாலும் இசை போடலாம். பூங்குழலி பாடுவதாகக் கல்கி எழுதிய பாட்டுக்குப் புது மெட்டும் போடலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சுஜாதா இறந்தது 2008-ல். கணேஷ், வசந்த் வரும் கதைகள் 2068 வரை பாதுகாப்பில் இருக்கும். வெறும் வாத்திய இசை அந்தக் கதையின் வரிகளைக் காப்பி அடிப்பதில்லை என்பதால் பெரிய சிக்கல் இல்லை. வசனத்தை வாசித்துச் சேர்ப்பது, அட்டைப்படத்தை எடுத்துப் போடுவது என்று போனால் அனுமதி தேவை.

சினிமா பாத்திரம் இன்னும் நுணுக்கமானது. 'தபாங்' படத்தின் சுல்புல் பாண்டே தொடர்பான வழக்கில், தனித்துவமான பாத்திரச் சித்திரிப்புக்கும் பதிப்புரிமை இருக்க முடியும் என்ற கருத்தை 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றது. நடிகரின் பெயரும் பாணியும்கூட தனி விஷயம். 2015-ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், அவருடைய பெயரையும் ஸ்டைலையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்துவதற்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஹீரோ குரலை ஏஐ வைத்துப் பேசவைத்து தீமில் சேர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பொன்னியின் செல்வனிலும் இந்தக் கோடு இருக்கிறது. கல்கியின் வந்தியத்தேவன் எல்லாருக்கும் பொது. மணிரத்னம் படத்தின் காட்சிகள், ஸ்டில்கள், ஏ.ஆர்.ரஹ்மான் இசை எதுவும் பொது கிடையாது. மெட்டு சொந்தமாக இருந்தும் வீடியோவில் படக்காட்சியை ஓட்டியதால் கிளெய்ம் வாங்குபவர்கள் அதிகம். ஒரு ஓவியத்தை வைத்திருந்தாலே தப்பித்திருப்பார்கள். ஓவியமும் சொந்தமாக, அல்லது கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும்.

'நோ காப்பிரைட் இன்டெண்டட்' என்று போட்டால் போதுமா?

போதாது. அந்த வரிக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. 'ஏழு நொடி வரைக்கும் எடுத்துக்கலாம்' என்பதும் வதந்திதான். அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் இல்லை. பழைய பாட்டின் மெட்டை வைத்துக் 'கவர்' போடுவதற்கும் முன்கூட்டியே அறிவிப்பு, ராயல்டி என்று நிபந்தனைகள் இருக்கின்றன.

கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கன்டென்ட் ஐடி கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் எதிர்தரப்புக்குப் போகும், சில நேரம் வீடியோ முடக்கப்படும். சேனலுக்கு ஆபத்து இல்லை. மறுத்து முறையிட்டால் 30 நாளுக்குள் எதிர்தரப்பு பதில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக் என்பது சட்டபூர்வமாக வீடியோவை நீக்கக் கோருவது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். பல வருஷ உழைப்பும் சேர்ந்து போகும்.

முறையிடும்போது கைகொடுப்பது பழைய ப்ராஜெக்ட் ஃபைல்கள். தேதியோடு இருக்கும் அந்த ஃபைல்களை 'ட்ராக் முடிஞ்சுடுச்சே' என்று அழித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

கோயில் திருவிழாவில் எடுத்த உடுக்கைச் சத்தம்?

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஆடி மாதம் திருவேற்காடு, மாங்காடு பக்கம் போனால் உடுக்கையும் பம்பையும் கேட்கலாம். போனில் பதிவு செய்து தீமில் சேர்த்தால் அட்டகாசமாக இருக்கும். ஆனா அதை வாசித்தவருக்கு, நிகழ்த்துநர் உரிமை என்ற பெயரில், 50 ஆண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பதிவு செய்யவும் வெளியிடவும் அவருடைய சம்மதம் வேண்டும். பெரிய கம்பெனி தன் மெட்டை எடுத்தால் கொதிக்கிற ரசிகர், பம்பைக்காரரின் பெயரைக்கூட கேட்காமல் வந்துவிடுகிறார். பெயர், கையெழுத்து, பேசிய தொகை மூன்றும் ஒரு தாளில் இருந்தால் போதும்.

மெட்டைப் பதிவு செய்ய விரும்பினால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்குத் தனியாக 2,000 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. தலைப்பில் வந்தியத்தேவன் பெயர் இருந்தாலும் பதிவாவது மெட்டு மட்டும்தான். அதே வந்தியத்தேவனுக்கு நாளைக்கே ஆவடியில் இன்னொருத்தர் வேற தீம் போடலாம்.