ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி அரசுப் பள்ளிகளில் தொழில்நுட்பவழிக் கற்பித்தல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு 2011 முதல் மடிக்கணினி, கியூஆர் குறியீடுள்ள பாடநூல், உயர்தொழில்நுட்ப ஆய்வகம், ஸ்மார்ட் போர்டு ஆகியவை படிப்படியாக வந்து சேர்ந்தன. இவை மாநிலம் முழுமைக்குமான திட்டங்கள். இந்தப் பகுதிக்கே உரியவை இரண்டு: ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி, பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும், 2012இல் டைம்லரும் வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் வாடகை வீடுகள் எழுந்தன. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும், கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

கருவிகள் வந்த வழி

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் கிராமத்து மேல்நிலை மாணவர்கள் பலருக்குச் சொந்தமாகக் கணினி கிடைத்தது. ஆனால் அது வீட்டுக்குப் போன கருவி; வகுப்பில் பாடம் நடக்கும் முறையை அது தொடவில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சானது. ஆசிரியர் தம் கைப்பேசியில் திக்‌ஷா செயலியைத் திறந்து குறியீட்டைப் படித்தால், அந்தப் பாடத்துக்கான காணொளி ஓடும். பள்ளியில் இணையம் இல்லாவிட்டால் டேட்டா செலவு ஆசிரியருடையது.

2019 வாக்கில் மாநிலத்தின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு 20. நாற்பது பேர் படிக்கும் உயர்நிலை வகுப்பு ஒன்று இந்த ‘ஹைடெக் லேப்’புக்குள் போனால் ஒரு கணினிக்கு நான்கு பேர். ஒருவன் மௌஸைப் பிடித்துக்கொள்வான், பக்கத்திலிருப்பவள் விடை சொல்வாள், மற்ற இருவரும் எட்டிப் பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றி வரிசையில் வந்து உட்கார்ந்து, எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தின் மாணவர் எண்ணை அடித்து உள்ளே நுழைவதற்குள் பாடவேளையில் கணிசமான நேரம் கரைந்துவிடும்.

தொடக்கப் பள்ளிகளின் முறை 2024இல் வந்தது. மாநில அளவில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்களும் அறிவிக்கப்பட்டன. பாடக் காணொளிகளுக்கு 2023இல் வெளியான மணற்கேணி செயலி இருக்கிறது.

பெருந்தொற்று காட்டியது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களும்தான் வகுப்பறை ஆயின. கைப்பேசி செய்து உலகுக்கு அனுப்பிய இந்த ஊர்களில், பிள்ளைகள் படிக்கக் கைப்பேசி கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவோடு கம்பெனி பஸ் ஏறிவிடும்.

இழந்த படிப்பை மீட்டது எது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. அதை நடத்தியவர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் பாடம் சொன்ன தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்கள்.

கணினியால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நடந்த ஆய்வில் நாலரை மாதத்திலேயே கணக்கும் இந்தியும் தெளிவாக முன்னேறின. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று அந்த மென்பொருள் பார்க்கவில்லை. அவனுக்கு எதுவரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியது. 2022இல் தமிழகத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப் பிரிவும் அதே எண்ணம்தான். ஒரே காணொளியை நாற்பது பேருக்கும் ஓட்டும் ஸ்மார்ட் போர்டு இந்த வேலையைச் செய்யாது. இப்பகுதிப் பள்ளிகளில் வேண்டியது இன்னும் பெரிய திரை அல்ல, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் ஆசிரியருக்குக் காட்டித்தரும் கருவி.

அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். எமிஸ் தளத்தில் பதிவேற்றும் வேலை கற்பித்தலைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை போராடின. பின்னர் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கென நியமிக்கப்பட்ட பயிற்றுநர்களிடம் அந்த வேலையில் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. நியாயமான மாற்றம், ஆனால் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவரின் நேரம் அந்த அளவுக்குக் குறைந்தது.

ஆலைகளும் பள்ளிகளும்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது; தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் உள்ள பள்ளிக்கு இது பெரிய வாய்ப்பு, ஆலைகளுக்குத் தொலைவில் உத்திரமேரூர்ப் பக்கத்தில் உள்ள பள்ளிக்கு அப்படியல்ல. கருவி வாங்குவது ஒருநாள் விழாவோடு முடிகிறது. பேட்டரி மாற்றுவதும் புரொஜெக்டர் விளக்கு வாங்குவதும் ஆண்டுதோறும் வரும் செலவு. நிறுவனங்கள் இந்தப் பராமரிப்பை ஐந்தாண்டுக்கு ஏற்றாலே தரும் பணத்தின் பயன் இரட்டிப்பாகும்.

பள்ளிக்குப் பின்னான படிப்பில் ஆலைத் தொடர்பு நெருக்கமானது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் 71ஐ டாட்டா டெக்னாலஜீஸ் துணையுடன் மேம்படுத்தும் திட்டத்தின் தொழில் 4.0 மையங்கள் 2023இல் ஒரகடத்தில்தான் திறந்துவைக்கப்பட்டன. ரோபோ, தானியங்கிக் கடைசல் எந்திரம் ஆகியவற்றில் அங்கே பயிற்சி உண்டு.

இன்னும் கைவைக்கப்படாத இடம் மொழி. பாடக் காணொளிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு இரண்டுமே புதியவை. தாய்மொழியில் விளக்கித் தமிழில் எழுதவைக்கும் பாடங்கள் ஆசிரியரின் டேபில் இருந்தால் முதல் சில மாதங்களைக் கடக்கலாம். சூளைக் குடும்பங்கள் மழைக்காலத்துக்குள் சொந்த ஊர் திரும்பிவிடுகின்றன. அப்போது பிள்ளை இங்கே படித்த பதிவும் கூடவே போக வேண்டும். ஒன்றிய அரசின் பள்ளித் தரவுத் தளமான யுடைஸ் பிளஸ் வழங்கும் நிரந்தரக் கல்வி எண்ணைச் சேர்க்கையின்போதே கேட்டுப் பதிவதும், இல்லாதவருக்கு வாங்கித் தருவதும் தலைமையாசிரியர் மட்டத்திலேயே செய்துவிடக்கூடிய வேலை.