இலக்கண வகைப்பாடும் முன்னோக்குக் கணமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலக்கணத்தின் வகைப்பாட்டை மொழியின் இயல்பாகவும், மொழியின் வகைப்பாட்டை அதனைப் பேசும் மாந்தரின் தகுதியாகவும் கொள்ளும் போக்கு நமது ஆய்வுலகிற் புதியதன்று. தோட்டப்புறத் தமிழைக் 'கொச்சை' என ஒதுக்கியோர் செய்ததும் இதுவே. கணினியியலில் எழுந்த, மேலிருந்து கீழ்நோக்கிய தொடர்ப் பகுப்பின் வரலாறு இப்போக்கிற்கு வலுவானதொரு மறுப்பினைத் தருகின்றது.

1968 இல் லூயிஸ், ஸ்டேர்ன்ஸ் ஆகிய இருவரும் எல்.எல்.(கே) எனும் இலக்கண வகுப்பை வரையறுத்தனர். 1970 இல் ரோசன்கிராண்ட்ஸும் ஸ்டேர்ன்ஸும் அதன் பண்புகளை விரிவாக ஆராய்ந்தனர். தொடரை இடமிருந்து வலமாக வாசிக்கும் பகுப்பான், இதுவரை வாசித்ததையும் அடுத்துவரும் கே எண்ணிக்கையான குறியீடுகளையும் மட்டுங்கொண்டு, எவ்விதியைக் கையாள்வதெனப் பின்வாங்காது துணிதல் வேண்டும். ஓர் உறுப்பின் விரிவு எக்குறியீடுகளில் தொடங்கலாம் என்பது முதற்கணம். அதனையடுத்து எவை வரலாம் என்பது தொடர்கணம். இவற்றிலிருந்து பெறப்படுவதே முன்னோக்குக் கணம். ஒரே உறுப்பிற்குரிய மாற்று விதிகளின் முன்னோக்குக் கணங்கள் தம்முள் வெட்டாதிருப்பின் அவ்விலக்கணம் எல்.எல்.(1) ஆகும். வருமொழி முதலெழுத்தை நோக்காது நிலைமொழியீற்றின் புணர்ச்சியைத் துணிய இயலாதென்பதை அறிந்த தமிழிலக்கண மாணவர்க்கு இது அந்நியமான சிந்தனையன்று.

சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைத் தேயிலைத் தோட்டங்களின் வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர், குறைந்தவருக்கு அரைப்பேர். அந்நாட் பதிவை 'பதிவு என்பது ஆள், முழுப்பேர்' எனவும் 'பதிவு என்பது ஆள், அரைப்பேர்' எனவும் இரு விதிகளாக்கினால், இரண்டும் 'ஆள்' என்றே தொடங்கும். ஒரு குறியீட்டை மட்டும் முன்னோக்கும் பகுப்பான் திகைக்கும். காலையிற் பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே மாலை நிறுவையின் முடிவைக் கூறுமாறு கேட்பதை ஒத்தது இது. ஆயின், 'பதிவு என்பது ஆள், முடிவு' எனவும் 'முடிவு என்பது முழுப்பேர் அல்லது அரைப்பேர்' எனவும் பொதுக்கூற்றைப் பிரித்தெழுதின் சிக்கல் தீர்கின்றது. மொழியில் ஒரு தொடரேனும் கூடவுமில்லை, குறையவுமில்லை. இலக்கணம் மாறிற்று, அதனோடு வகுப்பும் மாறிற்று. எல்லா மொழிகளையும் இவ்வாறு எழுதிவிட முடியாதென்பது உண்மை. எனினும், ஓர் இலக்கணம் வகுப்பிற்குப் புறம்பாயிற்று என்பதிலிருந்து மொழியே புறம்பானது என்ற முடிவு பிறவாது.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோரின் பிறப்பிடத்தை விதியாக்கி, இத்தோட்டங்களின் உழைப்பாளர் உள்ளிட்ட மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் விதியை மாற்றின. எஞ்சியிருந்த அதே மக்கள் குடிகளாயினர். மாறியவர் மக்களல்லர். இலக்கண விதியொன்றைத் திருத்த ஒரு பொழுது போதும். இவ்விதியைத் திருத்த 55 ஆண்டுகள் சென்றன. எவரேனும் வகுப்பிற்குப் புறம்பானவர் எனக் கூறப்படுமிடத்து, வகுத்த விதியையே முதலில் ஆராய்தல் நம் கடனாகும்.