பந்துக்குள் ஒரு பகடை: போக்கிமோன் பிடிபடும் வாய்ப்பின் வரலாறு



பின்னப் பாடம் முடிந்து நூல்களை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, நேத்து லூகியா வந்துச்சு. பதினாலு பந்து போட்டேன். ஒன்னுலயும் மாட்டல. பத்து தடவ தப்பிச்சா பதினொன்னாவது மாட்டணும்தானே? இந்த கேம் ஏமாத்துது ஐயா" என்றான். அவன் குறிப்பிட்டது 'போக்கிமோன் கோ' என்னும் கைப்பேசி விளையாட்டு. எனக்கு அதில் நாட்டமில்லை. ஆனால், ஒரு பிள்ளை 'ஏமாற்று' என்ற சொல்லைச் சொன்ன பிறகு கணிதம் கற்பிப்பவன் வாளாவிருக்க இயலுமா? அன்றிரவு தேடத் தொடங்கியவன், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை ஒன்றில் போய் நின்றேன்.

கதையின் அண்மைப் பகுதி ஜப்பானில் தொடங்குகிறது. 1965ஆம் ஆண்டு பிறந்த சத்தோஷி தாஜிரி, தோக்கியோவின் புறநகரான மாச்சிடாவில் வளர்ந்தவர். சிறு வயதில் வண்டுகளையும் பூச்சிகளையும் பிடித்துச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறிய பின்னர், அந்த இன்பத்தைக் கைக்குள் அடங்கும் 'கேம் பாய்' கருவியில் மீட்டுத்தர விரும்பினார். அவருடைய கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கிய போக்கிமோன் சிவப்பு, பச்சைப் பதிப்புகள் 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தன. பூச்சி பிடித்தவர்கள் அறிவார்கள். வலை வீசினால் சில வேளை அகப்படும், சில வேளை பறந்துவிடும். அந்தச் 'சில வேளை'யை எண்ணாக்க வேண்டிய கட்டாயம் நிரலாளர்களுக்கு ஏற்பட்டது.

அவர்கள் ஒவ்வோர் உயிரிக்கும் 255க்கு மிகாத ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். புழுவான கேட்டர்பிக்கு 255, பிக்காச்சுவுக்கு 190, மியூடூவுக்கு வெறும் 3. பந்தை எறிந்ததும் கருவி தனக்குள் ஒரு பகடையை உருட்டும். சாதாரணப் பந்துக்கு 0 முதல் 255 வரை, கிரேட் பாலுக்கு 200 வரை, அல்ட்ரா பாலுக்கு 150 வரை. விழுந்த எண் உயிரியின் எண்ணைத் தாண்டினால் அது தப்பிவிடும். தாண்டாவிட்டால், எஞ்சிய உயிர்ச்சக்தியைக் கொண்டு இரண்டாவது சோதனை நடைபெறும். உயிரி உறங்கினாலோ உறைந்திருந்தாலோ பகடை எண்ணிலிருந்து 25 கழிக்கப்படும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சோர்ந்துபோன மியூடூ மீது அல்ட்ரா பாலை எறிந்தால் 151 எண்களில் 4 மட்டுமே நமக்குச் சாதகம். மூன்று விழுக்காடு கூட இல்லை. அதே மியூடூ உறங்கினால் சாதகமான எண்கள் 29. ஏறக்குறைய 19 விழுக்காடு. தாலாட்டுக்கு இருக்கும் ஆற்றல் அடிக்கு இல்லை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டாவது சோதனையில் கிரேட் பாலுக்கு மட்டும் வகுஎண் 8. மற்றப் பந்துகளுக்கு 12. ஆகவே, காயமே படாத கேட்டர்பியைப் பிடிக்க 600 பணம் பெறும் கிரேட் பாலில் சரிபாதி வாய்ப்பு. 1200 பணம் பெறும் அல்ட்ரா பாலிலோ மூன்றில் ஒரு பங்குதான். விலை கூடியது எப்போதும் சிறந்தது என்று நம்பிப் பணத்தைச் செலவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ! பந்து ஆடும்போது பொத்தானை விடாமல் அழுத்தினால் பிடிபடும் என்ற நம்பிக்கையும் அக்காலச் சிறுவர்களிடையே நாடு நாடாகப் பரவியது. உண்மையில், பந்து ஆடத் தொடங்குமுன் முடிவு எழுதப்பட்டுவிடும். ஆட்டம் வெறும் காட்சி.

1999இல் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் வேறொரு சங்கதி. நஞ்சு, தீக்காயம், முடக்கம் ஆகியவை பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டவேண்டும் என்பது படைத்தவர்களின் நோக்கம். நிரலில் நேர்ந்த பிழையால் அவை எந்தப் பயனும் தரவில்லை. எதிர்ப்பால் உயிரியை ஈர்க்கவேண்டிய 'லவ் பால்' என்ற பந்தோ ஒத்த பாலுக்கே வேலை செய்தது. விளையாடியவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. தாங்கள் எறிந்த விதத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இனிக் கைப்பேசிக் காலம். கூகுள் எர்த்தின் முன்னோடியான கீஹோல் நிறுவனத்தை நடத்திய ஜான் ஹங்கே, 2010இல் கூகுளுக்குள்ளேயே நியாந்திக் என்ற பிரிவைத் தொடங்கினார். 2015இல் அது தனி நிறுவனமாயிற்று. அதன் போக்கிமோன் கோ 2016ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வெளிவந்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. சிங்கையின் ஹவ்காங் வட்டாரத்தில் அடுக்ககங்களுக்கிடையே இரவெல்லாம் மக்கள் திரண்டு நின்றதை நாளேடுகளில் கண்டிருப்பீர்கள்.

இங்கே காட்டு உயிரியோடு சண்டை இல்லை; அடித்துச் சோர்வாக்கவும் வழியில்லை. விரலால் பந்தைச் சுழற்றி எறிவது மட்டுமே. ஆகவே பழைய வாய்பாடு உதவவில்லை. புதிய வாய்பாட்டை நிறுவனம் வெளியிடவும் இல்லை. திரையில் தெரிவது ஒரு வண்ண வளையம். பச்சை என்றால் எளிது, சிவப்பு என்றால் கடினம். அவ்வளவே.

மறைத்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். கைப்பேசிகளுக்கு அனுப்பப்பட்ட தரவுக் கோப்பில் ஒவ்வோர் உயிரியின் அடிப்படை விகிதம் இருப்பதைச் சிலர் கண்டனர். 'சில்ப் ரோடு' போன்ற ஆர்வலர் குழுக்கள் எறிதல்களைக் குறித்து, எண்ணி, ஒப்பிட்டன. ஒருவர் பத்து முறை எறிந்து சொல்வது கதை. பலர் சேர்ந்து ஆயிரக்கணக்கில் எறிந்து எழுதி வைப்பது சான்று. இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

அவர்கள் கண்ட வாய்பாடு வியப்பானது. பழம் கொடுப்பது, சுழற்றி எறிவது, சிறு வட்டத்துக்குள் எறிவது, பதக்கம் பெற்றிருப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. ஆனால், அந்த எண்கள் வெற்றி வாய்ப்பைப் பெருக்குவதில்லை. தோல்வி வாய்ப்பின் அடுக்காக ஏறி அமர்கின்றன. பெருக்குத்தொகை 10 எனில், ஒரே பந்துக்குள் பத்துப் பகடைகளை உருட்டியது போல. அவற்றுள் ஒன்று வென்றாலும் உயிரி அகப்படும்.

இதைப் படித்ததும் எனக்குப் பிரான்சு நினைவுக்கு வந்தது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது இலாபம். இரு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று கட்டினால் நட்டம். இது ஏன் என்ற புதிர் ஷெவாலியே தெ மேரே என்பாரைக் குழப்பியது. பஸ்கால் 1654இல் ஃபெர்மாவுக்கு எழுதிய மடலில் இதனைக் குறிப்பிடுகிறார். விடை காணும் வழி, தோற்கும் வாய்ப்பை முதலில் கணக்கிடுவது. ஆறில் ஐந்தை நான்கு முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 51.8 விழுக்காடு, முப்பத்தாறில் முப்பத்தைந்தை 24 முறை பெருக்கிக் கழித்தால் 49.1. கைப்பேசிக்குள் இன்று ஓடிக்கொண்டிருப்பது அதே கழித்தல்தான்.

இந்தப் பகடையும் ஒருமுறை பழுதானது. 2016 ஆகஸ்டில், எறிதலின் துல்லியம் தொடர்பான பிழையால் உயிரிகள் தப்பும் வாய்ப்பு கூடியிருந்ததை நியாந்திக் தானே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னரே 'என்னமோ மாறிவிட்டது' என்று முறையிட்டவர்கள் வெறும் புலம்பல்காரர்கள் அல்லர். ஆக, 'ஏமாற்று' என்ற ஐயத்தைப் பிள்ளைத்தனம் என்று ஒதுக்குவதற்கில்லை, எண்ணிப் பார்க்கவேண்டும். அனுமதிச் சீட்டுக்கும் பந்துக்கும் காசு கொடுக்கக்கூடிய விளையாட்டில், வாய்ப்பை விழுக்காட்டில் எழுதாமல் வண்ணத்தில் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

சரி, மாணவனின் லூகியாவுக்கு வருவோம். 2017 ஜூலையில் அறிமுகமான இதன் அடிப்படை விகிதம் 2 விழுக்காடு. பலர் கூடிச் செய்யும் 'ரெய்டு' முடிவில் இது 20ஆம் நிலையில் தோன்றும், அந்நிலைக்குரிய 0.5974 என்ற எண்ணின் இருமடங்கால் வகுத்தால் 1.67 விழுக்காடு கிடைக்கும். பழமின்றி, சுழற்றாமல், வட்டத்துக்கு வெளியே எறிபவனுக்கு ஒரு பந்தில் உள்ள வாய்ப்பு இவ்வளவே. பதினான்கு பந்துகளிலும் சேர்த்து 21 விழுக்காடு. கோல்டன் ராஸ் பழத்துக்கு 2.5, சுழற்சிக்கு 1.7, மிகச்சிறு வட்டத்துக்குச் சுமார் 1.85, தங்கப் பதக்கத்துக்கு 1.3, பெருக்கினால் 10க்குச் சற்று மேல். ஒரு பந்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு, பதினான்கில் 91. அப்போதும் பதினொருவரில் ஒருவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

மறுநாள் கரும்பலகையில் இவற்றை எழுதிக் காட்டினேன். பத்துப் பந்துகள் வீணான பிறகு பதினோராவது பந்துக்கு முதல் பந்தின் வாய்ப்பே உண்டு, பகடைக்கு நினைவாற்றல் இல்லை என்றேன். மீதமிருக்கும் நான்கு பந்துகளில், நன்றாக எறிபவனுக்குப் பாதி வாய்ப்பு. மற்றவனுக்கு ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. அவன் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழம் கொடுத்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லங்கையா. இருபத்து மூனு இருக்கு. முடிஞ்சிடும்னு எடுத்து வெச்சிருக்கேன்."