உடம்பே ஒரு மீட்டர்!

ஷாக் அடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘ஐயோ’ என்று கையை உதறுவீர்கள். 1781-ல் லண்டனில் ஒரு மனிதர், ‘இப்போது எவ்வளவு அடித்தது?’ என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஹென்றி காவெண்டிஷ். பெரும் பணக்காரர், மகா கூச்ச சுபாவி. மின்னோட்டத்தை அளக்கக் கருவியே இல்லாத காலம் அது. உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியே மின்சாரத்தைத் தன் உடம்புக்குள் பாய்ச்சி, எந்தக் குழாயில் அதிகம் அடிக்கிறது என்று ஒப்பிட்டார். உடம்புதான் மீட்டர்!

அதில் ஒரு விதி பிடிபட்டது. ஆனால் மனிதர் அதை வெளியிடவே இல்லை. 1810-ல் இறந்தும் போனார். 1879-ல் மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளை அச்சேற்றியபோதுதான் உலகம் மூக்கில் விரல் வைத்தது. அதற்குள் விதிக்கு வேறொருவர் பெயர் நிலைத்துவிட்டது.

அவர் ஜார்ஜ் ஓம். ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளியின் மகன், பள்ளி ஆசிரியர். ‘வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது கம்பியின் தடை’ - இன்று நாம் இரண்டு வரியில் படிப்பதை 1827-ல் புத்தகமாகவே எழுதினார். சொந்த ஊரில் மதிப்பில்லை; வேலையை விட்டதுதான் மிச்சம். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது.

அதே 1841-ல், பீர் ஆலை முதலாளியின் மகன் ஜூல் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்: கரென்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு! நீலகிரியில் 1932-ல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்கும் இதுதான் பாடம். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் கரென்ட் பத்தில் ஒன்று போதும். கம்பியில் வீணாகும் சூடு நூற்றில் ஒன்று. மலை மின்சாரம் கோயம்புத்தூர் மில்கள் வரை வந்தது இப்படித்தான்.

சரி, இந்தக் கணக்கு நமக்கெதற்கு என்கிறீர்களா? விருதுநகர் பக்கம் சூலக்கரையில் ஒரு வீடு. 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி. 230 வோல்ட்டால் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ அந்த 4.35-ஆல் வகுத்தால் தடை சுமார் 53 ஓம். இப்போது பெட்டிக்குப் பதில் ஈரக்கையோடு ஒரு மனிதர் கம்பியைத் தொடுகிறார். அவர் உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வையுங்கள். 0.23 ஆம்பியர்! ஆளைக் கொல்ல அது தாராளம். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி; போகவே போகாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி இருக்கிறது. அதுதான் உயிர் காப்பது.

கொஞ்ச தூரத்தில் சிவகாசி. அங்கே கதை தலைகீழ். நைலான் துணி உரசினாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். கணநேரப் பொறி, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் மருந்துக்கு அது போதும்! அதனால்தான் பட்டாசு அறைக்குள் பருத்தி உடை; நுழையுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடவேண்டும். தடை குறைந்த வழியில் மின்சாரம் பூமிக்குள் போய்விடும்.

காவெண்டிஷ் விரும்பி ஷாக் வாங்கிக் கற்றது இது. நாம் காகிதத்திலேயே கற்றுக்கொள்ளலாம். இன்றே உங்கள் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்... அந்த 30 மில்லி ஆம்பியர் கருவி இருக்கிறதா?