இடர்நீக்க நம்பிக்கை: சானமாவுக் காட்டை முன்வைத்து

1. பொருளும் வரையறையும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையை ஒட்டியுள்ளது சானமாவுக் காப்புக்காடு. ஓசூர்ப் பக்கம் தொழிற்பேட்டைகள். காட்டைச் சுற்றி ராகியும் தக்காளியும் விளையும் சிற்றூர்கள். பன்னேர்கட்டாவிலிருந்து சவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியே யானைக் கூட்டங்கள் இங்கு வந்து தங்கும் பருவமும், ராகிக் கதிர் முற்றும் பருவமும் ஒன்றே. ஒரு போகத்து உழைப்பு ஓரிரவில் மிதிபடக்கூடும் என்று அறிந்தேதான் இங்குள்ள உழவர் விதைக்கின்றனர். அவர்கள் ‘சாமி காப்பாற்றும்’ என்னும்போது அக்கூற்றின் பொருள் யாது என்பதே நம் வினா.

விருப்பம் பயனை நோக்குவது. எதிர்பார்ப்பு அறிகுறியை நோக்குவது. நம்பிக்கை காப்பவனை நோக்குவது. ஆகவே அறிகுறி ஏதும் இல்லாதபோதும் அது நிற்கும். இந்நிலையை வைணவ ஆசாரியர் மகாவிசுவாசம் என்பர். நாம் அதனை மீட்புறுதி எனக் குறிக்கிறோம்.

2. இடர்நீக்கத்தின் வகைகள்

இடர்நீக்கம் மூவகைப்படும். இடர் அணுகாமற் காத்தல் தடுப்பு. இடரினின்று வெளியே எடுத்தல் மீட்பு. முதலையின் வாயில் அகப்பட்ட கசேந்திரன் என்னும் யானை இதற்குச் சான்று. இடருக்குள்ளேயே நிலைநிறுத்தல் தாங்கல். நீற்றறையில் ஏழு நாள் ஊறின்றி இருந்த திருநாவுக்கரசர் இதற்குச் சான்று.

முதல் இரண்டையும் எவரும் உடனே உணர்வர். மூன்றாவது எளிதில் புலப்படாது. விளைச்சல் போன பின்பும் மறு போகத்துக்கு விதை தேடும் மனவலிமை தாங்கலின் பாற்படும். இதை அருளெனக் கொள்ளாதவர், பயிர் அழிந்த அன்றே இறைவன் கைவிட்டான் என்று முடிவுகட்டுவர்.

3. நம்பிக்கையின் படிநிலைகள்

பாகவதத்தின் எட்டாம் கந்தம் கூறும் கசேந்திரன் வரலாற்றில் நான்கு படிகளைக் காண்கிறோம். முதலாவது தன்முயற்சி: யானை நெடுங்காலம் போராடியது. இரண்டாவது துணையிழப்பு: உடன்வந்த கூட்டத்தாலும் அதனை இழுத்து மீட்க இயலவில்லை. மூன்றாவது கையறவு: தன் வலிமையின் எல்லையை அது உணர்ந்தது, இதுவே கார்ப்பண்யம். நான்காவது புகலடைவு: துதிக்கையில் தாமரையை உயர்த்தி முதல்வனை அழைத்தது. இவ்வரிசை மாறாதது. முயலாதவனின் கையறவு வெறும் சோம்பலே.

4. தடையும் விடையும்

‘இறைவன் காப்பானெனின் பரண் எதற்கு?’ எனத் தடை எழலாம். பனியில் பரண்மீது அமர்ந்து, வரப்போரம் கிளை முறியும் ஓசைக்குக் காதைத் தீட்டி, டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கும் உழவர், பரண் ஏறுமுன் கும்பிட்டவரே. அவர் செயலில் முரண் இல்லை. காவல் காப்பதும், சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீட்டு மனு கொடுப்பதும் கடமைகள். மீட்பின் முதற்காரணம் அருள். கடமை காரணத்தின் இடத்தைப் பிடிக்கும்போது செருக்கு பிறக்கும்; காரணத்தைச் சொல்லிக் கடமையை விடும்போது மடி பிறக்கும்.

5. முடிபு

மேற்கூறிய புகலடைவே சரணாகதி. அதன் ஆறு உறுப்புகளில் முதலாவது ஆனுகூல்ய சங்கல்பம்: இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்னும் உறுதி. எவ்வுயிரும் இறைவனுக்கு உடலாதலின், எல்லா உயிர்க்கும் நலம் நாடுதல் என இது விரியும். கசேந்திரன் கதையில் முதலையும் விடுதலை பெறுகிறது. சாபத்தால் முதலையான ஊகூ என்னும் கந்தர்வன் தன் வடிவை மீண்டும் அடைகிறான். நாவுக்கரசரைக் கொல்ல ஏவப்பட்ட யானையோ அவரை வலம்வந்து வணங்கியது. அஞ்சப்பட்ட உயிரும் இடர்நீக்கத்தின் எல்லைக்குள்ளேயே அடங்குகிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

சாலையும் ஆலையும் வழியை நெருக்க, சானமாவில் ஒதுங்கும் யானையும் இடருற்ற உயிரே. தனக்கு மீட்பு வேண்டிக் கும்பிட்டுவிட்டு வேலியில் மின்சாரம் பாய்ச்சுபவர் சரணத்தின் முதல் உறுப்பையே முறித்தவராவார். உழவர்க்கு உரிய இழப்பீடும், யானைக்கு உரிய வழியும் ஒருங்கே வேண்டும் நெஞ்சத்திலேதான் மீட்புறுதி முழுமை பெறும் என்பது நம் துணிபு.